ஜிம் ஹைடவர்: மக்கள் ஓட்டுப்போட்டு அமர்த்திய வேளாண் ஆணையர்

ஒரு மாநிலத்தின் வேளாண் துறையை யார் நடத்த வேண்டும் என்பதை அந்த மாநிலத்து வாக்காளர்களே நேரடியாக முடிவு செய்கிறார்கள் என்று சொன்னால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் அப்படித்தான் நடக்கிறது. ஆளுநருக்கு ஓர் ஓட்டு, துணை ஆளுநருக்கு ஓர் ஓட்டு, அரசுத் தலைமை வழக்கறிஞருக்கு ஓர் ஓட்டு. அதே தேர்தலில் வேளாண் ஆணையருக்கும் தனியாக ஓர் ஓட்டு. 1982-இல் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜிம் ஹைடவர். அதுவரை பெரிய வேளாண் நிறுவனங்களை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்த செயற்பாட்டாளர் அவர். அப்படிப்பட்ட ஒருவர் அரசு நாற்காலியில் உட்கார்ந்தால் எதைச் செய்ய முடியும், எது கைகூடாது, எதற்காக வெளியேற்றப்படுவார் என்பதைப் புரிந்துகொள்ள இவருடைய பொதுவாழ்வைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் இந்த ஏற்பாட்டைப் பார்த்துவிடுவோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின், தோற்றுப்போன தென்மாநிலங்களை ஒன்றிய அரசு மறுசீரமைத்தது. அந்தக் காலத்தில் டெக்சஸ் ஆளுநரிடம் பெரும் அதிகாரம் குவிந்திருந்தது. அது பிடிக்காத அரசியல்வாதிகள் ஆட்சிக்குத் திரும்பியதும் 1876-இல் ஒரு புதிய அரசமைப்புச் சட்டத்தை எழுதினார்கள். ஆளுநரின் கையை எவ்வளவு கட்ட முடியுமோ அவ்வளவு கட்டுவதே அதன் நோக்கம். முக்கியமான பதவிகள் ஆளுநரின் நியமனத்திலிருந்து பறிக்கப்பட்டு நேரடித் தேர்தலுக்கு விடப்பட்டன. 1907-இல் வேளாண் துறையைத் தனியாக உருவாக்கியபோதும் அதே பழக்கம் தொடர்ந்தது.

இதன் விளைவு என்ன? நம் ஊரில் ஒரு துறைச் செயலரை அரசு நினைத்தால் மறுநாளே இடம் மாற்றிவிடலாம். டெக்சஸின் வேளாண் ஆணையரை ஆளுநர் நினைத்தாலும் அப்படி நகர்த்த முடியாது. அவர் பதில் சொல்ல வேண்டியது வாக்காளர்களுக்கு மட்டும். ஆளுநர் ஒரு திசையில் போக, ஆணையர் வேறு திசையில் போகலாம். இருவரும் வெவ்வேறு கட்சியினராகக்கூட இருக்கலாம். ஹைடவர் பதவியில் இருந்த எட்டு ஆண்டுகளில் 1987 முதல் நான்கு ஆண்டுகள் ஆளுநராக இருந்தவர் குடியரசுக் கட்சிக்காரர். ஹைடவர் ஜனநாயகக் கட்சிக்காரர்.

அவர் 1943-இல் டெக்சஸின் வடக்கு எல்லையில் உள்ள டெனிசன் என்ற ஊரில் பிறந்தார். ஆக்லஹோமா எல்லையை ஒட்டிய ரயில் ஊர் அது. படிப்பை முடித்தபின் வாஷிங்டனுக்குப் போய், டெக்சஸின் செனட்டர் ரால்ஃப் யார்பரோவிடம் உதவியாளராக வேலை பார்த்தார். தென்மாநில அரசியல்வாதிகள் பெரும்பாலும் கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்களை எதிர்த்து நின்ற 1960-களில், 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர் யார்பரோ. ஹைடவருக்கு அரசியல் பாலபாடம் அங்கேதான் கிடைத்தது.

அதன்பின் அவர் செய்த வேலைதான், என் பார்வையில், அவருடைய பொதுவாழ்வின் அடித்தளம். வேளாண் நிறுவனங்களைக் கேள்வி கேட்பதற்கென்று ஒரு சிறிய ஆய்வு அமைப்பை வாஷிங்டனில் தொடங்கினார். 1972-இல் அந்த அமைப்பு ஓர் அறிக்கையை வெளியிட்டது. அறிக்கையின் நாயகன் ஒரு தக்காளி.

இந்தத் தக்காளிக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹைடவரின் அரசியல் முழுக்க இதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 1862-இல் கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. அந்த நிலத்தை விற்ற பணத்தில் வேளாண் கல்லூரிகள் எழுந்தன. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கிராமப்புற மக்களுக்கும் பயன்படுவதற்காக, பொதுப் பணத்தில், அமைந்த கல்லூரிகள் அவை. நூறாண்டு கழித்து அவற்றில் ஒன்றான டேவிஸ் நகரின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தக்காளி அறுவடை இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார்கள். அந்த இயந்திரம் செடியை அடியோடு அறுத்து, மேலே தூக்கி, உலுக்கிப் பழங்களை உதிர்க்கும். சாதாரணத் தக்காளியை அதில் போட்டால் கூழாகிவிடும். அதுமட்டுமல்ல, தக்காளிச் செடியில் பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுக்கும். இயந்திரமோ ஒரு வயலில் ஒரே ஒருமுறைதான் ஓடும். எனவே அதே பல்கலைக்கழகத்துப் பயிர்ப்பெருக்க அறிஞர்கள் இயந்திரத்துக்கு ஏற்ற தக்காளியை உருவாக்கினார்கள்: கெட்டியானது, தோல் தடித்தது, எல்லாம் ஒரே சமயத்தில் பழுப்பது. சாறும் சுவையும் பின்னுக்குப் போயின.

அந்த இயந்திரத்தின் விலை 50,000 டாலருக்கு மேல். பெரும்பரப்பில் பயிரிடுபவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 4,000 பேர் தக்காளி பயிரிட்டார்கள். 1973-இல் 600 பேர்தான் மிஞ்சினார்கள். தக்காளி விளைச்சல் குறையவில்லை, கூடியது. பறித்துப் பிழைத்த பல்லாயிரம் தொழிலாளர்களுக்கு வேலை போனது. மெக்ஸிகோவிலிருந்து ஒப்பந்த முறையில் ஆள் எடுத்துவரும் திட்டம் 1964-இல் முடிந்துபோனதால் பண்ணைக்காரர்கள் இயந்திரத்தை நோக்கி விரைந்தார்கள் என்பதும் உண்மை. இயந்திரம் மட்டுமே காரணம் என்று சொல்வது சரியாகாது. ஹைடவர் கேட்ட கேள்வி வேறு. ஆராய்ச்சிக்கான பணம் எல்லா மக்களின் வரிப்பணம். சிறு உழவர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் உண்பவர்களுக்கும் அந்தப் பணத்தில் என்ன கிடைத்தது? ஆராய்ச்சித் தலைப்பை யார் தேர்ந்தெடுத்தார்கள், யாரைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்? கறுப்பின மாணவர்களுக்காகத் தென்மாநிலங்களில் இயங்கிய வேளாண் கல்லூரிகளுக்கு இந்த நிதியில் சொற்பமே கிடைத்ததையும் அறிக்கை எடுத்துக்காட்டியது. அறிவியலை எதிர்க்கிறார் என்று அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். அறிக்கையைப் படிப்பவருக்கு அது அபாண்டம் என்று தெரியும். பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்டார், அவ்வளவுதான்.

இந்தப் பார்வைக்கு டெக்சஸில் பழைய வேர் உண்டு. 1870-களில் டெக்சஸின் லம்பாசஸ் பகுதியில் உழவர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். விதைக்கும் வீட்டுச் செலவுக்கும் கடைக்காரரிடம் கடன் வாங்கி, விளையாத பயிரையே அடகு வைத்து, அறுவடை முடிந்தும் கடன் தீராமல் தவித்த பருத்தி உழவர்கள் பிறகு அதில் திரண்டார்கள். ரயில் நிறுவனங்கள் வைத்ததே சரக்குக் கட்டணம். சங்கம் பல மாநிலங்களுக்குப் பரவி, 1892-இல் மக்கள் கட்சி என்ற மூன்றாவது கட்சியே பிறந்தது. ஜனரஞ்சகவாதிகள் (பாப்புலிஸ்ட்) என்ற பெயர் முதலில் அந்தக் கட்சியினருக்கே வந்தது. அந்தக் கட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் வங்கி, ரயில், பெருநிறுவனம் ஆகியவற்றின் பிடியிலிருந்து சாதாரண மக்கள் கையில் அதிகாரம் வர வேண்டும் என்ற அதன் கோரிக்கை பிறகு வந்த பல சட்டங்களில் இடம்பெற்றது. தன்னை அந்த மரபின் வாரிசாகத்தான் ஹைடவர் எப்போதும் சொல்லிக்கொள்கிறார். இன்று உலகெங்கும் வெறுப்பைத் தூண்டி ஓட்டு வாங்குபவர்களையும் ஜனரஞ்சகவாதிகள் என்று அழைக்கிறார்கள். அவர்களை இந்தப் பருத்தி உழவர்களோடு ஒரே கூடையில் போடுவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

1976-இல் ஆக்லஹோமாவின் முன்னாள் செனட்டர் ஃப்ரெட் ஹாரிஸ் ஜனாதிபதி வேட்பாளராக முயன்றபோது ஹைடவர் அவருடைய பிரசாரத்தை நடத்தினார். பணம் கிடையாது, வேன் ஒன்றில் ஊர் ஊராகப் போய் ஆதரவாளர்களின் வீடுகளிலேயே தங்கினார்கள். தோல்விதான். பிறகு ஊர் திரும்பி, ஆஸ்டினில் வெளியாகும் டெக்சஸ் அப்சர்வர் இதழின் ஆசிரியரானார். 1954-இல் தொடங்கிய அந்த இதழ் மாநிலத்தின் பெரிய செய்தித்தாள்கள் தொடாத செய்திகளைத் தொட்டு எழுதிப் பெயர் பெற்றது.

1980-இல் முதல்முறையாகத் தேர்தலில் நின்றார். அவர் குறிவைத்த பதவி, ரயில்வே ஆணையத்தில் ஓர் இடம். ரயில் நிறுவனங்களின் கட்டணக் கொள்ளையைக் கட்டுப்படுத்த உழவர்களின் கோபம் 1891-இல் பெற்றுத்தந்த ஆணையம் அது. காலப்போக்கில் எண்ணெயும் எரிவாயுவும் அதன் பொறுப்புக்கு வந்துசேர்ந்தன. இன்று பெயரில் மட்டுமே ரயில் இருக்கிறது. டெக்சஸில் எண்ணெய்த் தொழிலை மேற்பார்வை செய்யும் இடம் என்றால் அதன் கனம் புரியும். கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலிலேயே ஹைடவர் தோற்றார். இரண்டாண்டு கழித்து, அவ்வளவு கவனம் பெறாத வேளாண் ஆணையர் பதவிக்கு நின்று, பதவியில் இருந்த தன் கட்சிக்காரரையே உள்கட்சித் தேர்தலில் வென்று, பொதுத் தேர்தலிலும் வென்றார். 1983 தொடக்கத்தில் பொறுப்பேற்றார்.

வேளாண் ஆணையர் என்றால் விதை, பயிர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து டெக்சஸில் கடைத் தராசு சரியாக நிறுக்கிறதா, பெட்ரோல் பம்பு சரியாக அளக்கிறதா என்று பார்ப்பதும் அந்தத் துறையின் வேலை. முட்டையின் தரம், தானியக் கிடங்கு, விதை முளைப்புத்திறன், பூச்சிமருந்து உரிமம் எல்லாம் அங்கேதான். கேட்கச் சலிப்பான பட்டியல்தான். முந்தைய ஆணையர்கள் இதைச் சலிப்பாகவே நடத்தினார்கள். ஹைடவர் இதில் ஒவ்வொன்றாக எடுத்து, இது யாருக்குப் பயன்படுகிறது என்ற அதே தக்காளிக் கேள்வியைக் கேட்டார்.

சந்தையில் தொடங்கினார். சிறு உழவர் தன் விளைச்சலைத் தானே விற்க உழவர் சந்தைகள் அமைத்துக்கொள்ளத் துறை உதவியது. டெக்சஸில் விளைந்த பொருளுக்கு அடையாள முத்திரை கொடுத்து மளிகைக் கடைகளில் விற்கும் திட்டம் வந்தது. 1988-இல் இயற்கை வேளாண்மைக்கு மாநில அரசே தரச்சான்று வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். இயற்கை வேளாண்மையைப் பித்தர்களின் பொழுதுபோக்காக அமெரிக்க வேளாண் அதிகாரிகள் பார்த்த காலம் அது. ஒன்றிய அரசு அதற்குச் சட்டம் இயற்றியது 1990-இல்தான்.

இவற்றையெல்லாம் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. பூச்சிமருந்தில் கை வைத்தபோதுதான் எதிரிகள் திரண்டார்கள்.

டெக்சஸின் தெற்குக் கோடியில் ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய சமவெளியில் வெங்காயம், முலாம்பழம், எலுமிச்சை வகைப் பழங்கள் பறிப்பவர்கள் பெரும்பாலும் மெக்ஸிகோ வழிவந்த குடும்பத்தினர். அன்று வயல்களில் தெளித்த மருந்துகளில் பாரத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளும் இருந்தன. பூச்சியின் நரம்பைத் தாக்குவதுபோல மனித நரம்பையும் தாக்கக்கூடிய வகை அது. மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். இலையில் ஈரம் காய்ந்தாலும் நஞ்சு காயாது. காலையில் விமானம் தெளித்துவிட்டுப் போன வயலில் மதியம் பறிக்க இறங்கும் பெண்ணுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்தால், என்ன மருந்து தெளித்தார்கள் என்று மருத்துவரிடம் சொல்ல அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இருக்கவில்லை.

ஹைடவரின் துறை 1980-களின் நடுவில் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. மருந்து தெளித்தபின் எவ்வளவு நேரம் கழித்து ஆட்கள் வயலுக்குள் இறங்கலாம் என்று வரையறுத்தது ஒன்று. பக்கத்து வீட்டாரும் பக்கத்து நிலத்தாரும் கேட்டால் தெளிப்பதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்றது இன்னொன்று. காற்றில் மருந்து எங்கெல்லாம் போகும் என்பதை வயல் வரப்பு தீர்மானிப்பதில்லை. ஆகவே இந்த விதி மிக நியாயமானது. 1987-இல் சட்டமன்றம் விவசாயத் தொழிலாளர்களுக்கான சட்டத்தையும் இயற்றியது. எந்தப் பயிருக்கு என்னென்ன மருந்து பயன்படுத்துகிறார்கள், அவற்றால் என்ன தீங்கு வரும், தீண்டினால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லவேண்டிய கடமை அதன்மூலம் முதலாளிக்கு வந்தது. இதற்காகப் பயிர்வாரியாகத் தகவல் தாள்கள் தயாராகின, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். ஹைடவர் மேடையில் பேசிய ஆயிரம் பேச்சைவிட, ஒரு வெங்காய வயல் தொழிலாளியின் கைக்கு அவள் மொழியில் போய்ச்சேர்ந்த அந்த ஒற்றைத் தாளைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன்.

பெரிய பண்ணைக்காரர்களின் சங்கமும் மருந்து நிறுவனங்களும் கொதித்தன. உற்பத்திச் செலவு கூடும், வேலை நேரம் வீணாகும் என்றார்கள். அவர்களுக்கு 1989-இல் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. டெக்சஸில் ஒரு வினோதமான நல்ல வழக்கம் உண்டு: அரசுத் துறைகள் பலவும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சட்டமன்றத்தின் மறுஆய்வுக்கு வர வேண்டும், மீண்டும் ஒப்புதல் கிடைக்காவிட்டால் துறையே காலாவதியாகிவிடும். அந்த ஆண்டு வேளாண் துறையின் முறை. ஆணையர் பதவிக்குத் தேர்தலே வேண்டாம், நியமனமாக்கிவிடுவோம் என்றுகூட முயன்றார்கள். அது பலிக்கவில்லை. ஆனால் பூச்சிமருந்து விதிகளை மேற்பார்வையிட ஒரு தனி வாரியம் வந்தது. ஆணையர் தன்னிச்சையாக விதி செய்யும் அதிகாரம் சுருங்கியது. ஒருவரைத் தேர்தலில் வீழ்த்த முடியாவிட்டால் அவர் அமர்ந்திருக்கும் நாற்காலியின் காலை அறுப்பது என்பது எந்த நாட்டு அரசியலுக்கும் புதிதல்ல.

அதே ஆண்டு தொடக்கத்தில் இன்னொரு மோதல். வளர்ச்சி ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சியை ஐரோப்பா தடை செய்தது. அமெரிக்க அரசு அதை வர்த்தகத் தடையாகக் கருதி ஐரோப்பியப் பொருள்கள்மேல் பதிலடி வரி போட்டது. ஹார்மோன் இல்லாமல் வளர்த்த டெக்சஸ் மாட்டிறைச்சிக்கு என் துறை சான்று தரும், வாங்கிக்கொள்கிறீர்களா என்று ஹைடவர் ஐரோப்பாவிடம் கேட்டார். வாஷிங்டனில் வேளாண் துறைக்குக் கடும் கோபம். வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அதை விளைவித்துக் கொடுப்பதுதானே வியாபாரம் என்ற எளிய நியாயம் அவர் பக்கம் இருந்தது. ஆனால் ஒரு மாநில அதிகாரி வெளிநாட்டோடு நேரடியாகப் பேரம் பேசுவதில் உள்ள சிக்கலையும் மறுக்க முடியாது.

இதற்கிடையில் நாடு முழுவதும் அறிமுகமான பேச்சாளராகிவிட்டார். அகன்ற விளிம்புத் தொப்பி அவர் அடையாளம். 1988-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில், குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரான மூத்த புஷ்ஷைப் பற்றி அவர் சொன்னது இன்றும் மேற்கோளாக உலவுகிறது. பேஸ்பால் ஆட்டத்தில் மூன்றாவது தளத்தை அடைய ஒருவர் அடித்து ஓட வேண்டும்; புஷ் மூன்றாவது தளத்திலேயே பிறந்துவிட்டு, தானே அடித்து அங்கே வந்ததாக நினைக்கிறார் என்றார். கட்சி நடுநிலை நோக்கி நகர வேண்டும் என்றவர்களுக்கும் அவரிடம் பதில் இருந்தது: சாலையின் நடுவே மஞ்சள் கோடும் செத்த ஆர்மடில்லோவும்தான் கிடக்கும். எறும்புதின்னியைப் போல உடம்பில் கவசம் போர்த்திய அந்தச் சிறு விலங்கு டெக்சஸ் நெடுஞ்சாலைகளில் வண்டியில் அடிபட்டுக் கிடப்பது அங்கே அன்றாடக் காட்சி.

1990-இல் மூன்றாவது முறையாக நின்றார். எதிரில் ரிக் பெரி என்ற இளம் சட்டமன்ற உறுப்பினர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குத் தாவியிருந்தார். பின்னாளில் இளைய புஷ்ஷை வெற்றிபெற வைத்துப் புகழ்பெற்ற கார்ல் ரோவ்தான் பெரிக்கு ஆலோசகர். பெரிய பண்ணைச் சங்கத்தின் ஆதரவும் பெரிக்கே. ஏறத்தாழ ஒரு சதவீத வாக்கில் ஹைடவர் தோற்றார். அதே நாளில், அதே வாக்காளர்கள், அவருடைய கட்சியின் ஆன் ரிச்சர்ட்ஸை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி ஓட்டு என்றால் இதுதான் பொருள். பெரி பின்னர் பதினான்கு ஆண்டுகள் ஆளுநராக இருந்தார்.

தோல்விக்கு எதிரிகளின் பணம் மட்டும் காரணம் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. ஹைடவரின் துறையில் ஒன்றிய அரசின் விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஆலோசனை ஒப்பந்தம் பெற்றவர்களைக் கொண்டு தேர்தல் நிதி திரட்டியதாக வழக்கு. 1993-இல் அவருக்கு நெருக்கமான துறை உயரதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள். ஹைடவர்மேல் எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. அரசியல் நோக்கத்தோடு தொடுத்த விசாரணை என்று அவருடைய ஆதரவாளர்கள் சொன்னார்கள். இருந்தாலும் ஊருக்கெல்லாம் கணக்குக் கேட்டவருடைய அலுவலகக் கணக்கு ஒரு துளி பிசகாமல் இருந்திருக்க வேண்டும். அந்த அளவுகோலை வகுத்தவரே அவர்தானே.

அதன்பின் அவர் எந்தப் பதவிக்கும் போகவில்லை. வானொலிக்குப் போனார். 1994-இல் ஏபிசி வலையமைப்பில் அவருடைய வார இறுதி நிகழ்ச்சி தொடங்கியது. 1995-இல் டிஸ்னி நிறுவனம் ஏபிசியை வாங்குவதாக அறிவித்தது. ஊடக நிறுவனங்கள் இப்படி ஒன்றையொன்று விழுங்குவதை ஹைடவர் நிகழ்ச்சியிலேயே கண்டித்தார். சில வாரங்களில் நிகழ்ச்சி நின்றது. நேயர்களும் விளம்பரமும் போதவில்லை என்பது வலையமைப்பு சொன்ன காரணம். அவர் சிறு வானொலி நிலையங்களுக்காக இரண்டு நிமிடக் குறிப்புரைகளைத் தொடர்ந்து தந்தார். 1999 முதல் விளம்பரம் இல்லாத ஒரு மாத மடலை நடத்தினார். 2000 ஜனாதிபதித் தேர்தலில் தன் கட்சியை மீறிப் பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடரையும், 2016-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற பெர்னி சாண்டர்ஸையும் ஆதரித்தார். நேடரை ஆதரித்தது பிழை என்பது என் கருத்து; அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் தோல்வி ஃபுளோரிடாவில் சில நூறு வாக்குகளில் தொங்கியது.

டெக்சஸில் வேளாண் ஆணையர் பதவியை 1990-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி ஒருமுறைகூட வெல்லவில்லை. ஆயினும் ஹைடவர் தொடங்கிய இயற்கை வேளாண்மைச் சான்றுத் திட்டத்தை அவரை வீழ்த்திய பெரி மூடவில்லை. 1987-இன் விவசாயத் தொழிலாளர் சட்டம் மாநிலத்தின் வேளாண் சட்டத்தொகுப்பில் இன்றும் இருக்கிறது.